மூன்றாவது விளக்கு

எங்கள் வீட்டு மோடம் எப்போது இணையத்தோடு சேரலாம், எப்போது சேரக்கூடாது என்பதை நான்தான் முடிவு செய்தேன். யாரும் எனக்கு அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். குழாய் சொட்டினால் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் அடைக்கிற ஆள் நான். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடினால், திரும்பக் கூப்பிட்டு அடைக்க வைத்துத்தான் அனுப்புவேன். அப்படிப்பட்டவள் வீட்டில், பகலும் இரவும் திறந்தே கிடக்கும் ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்தால் அதை அவள் சும்மா விடுவாளா?

என் நாத்தனார் எனக்கு வைத்த பெயரே அதுதான். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வைத்திருந்தாள். அவள் அண்ணனுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, மிளகு பறிக்க மரத்தைக் கட்டிப் பிடிப்பதுபோல இரண்டு கை. அவள் அம்மாவுக்கு நெற்றியில் தொடும் ஒரு விரல். எனக்கு, குழாயைத் திருகி அடைக்கிற கை. எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்ததை ஒரு நாடு என்போம். குண்டனி நாட்டிலிருந்து கல்யாணமாகி எடப்புளி நாட்டுக்கு நான் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் என்னை அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். முதலில் சுருக்கென்று இருந்தது. பொருத்தமான பெயர்தான் என்று என் வீட்டுக்காரர் சிரித்ததில் இன்னும் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்தக் கைப்பேச்சு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுக்காதது. மாமியாரும் அவளும் சேர்ந்து, அவள் தவழ்ந்த காலத்திலிருந்து, குச்சிக்கிழங்குக் காட்டிலும் சாமைக் களத்திலும் உண்டாக்கிக்கொண்டது. பின்னாளில் மலைக்குக் கீழே ஒரு காது கேளாதோர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே வேறு கைப்பேச்சும், எழுதப் படிக்கவும் கற்றுக்கொண்டாள். ஆனால் மாமியாருக்கு எழுத்து தெரியாது. தாயும் மகளும் பேசுவதற்கு அவர்கள் இருவரும் உண்டாக்கிய அந்த ஒரு பேச்சுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் அதை ஓரளவு பேசுவார். எனக்குப் புரியும், ஆனால் கை தடுமாறும். நான் பேசினால் தாயும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பள்ளி முடித்ததும் அவள் தன் சிநேகிதிகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். ஹாஸ்டலில் தங்கல். பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் வருவாள். மற்ற நாட்களில் மாமியாருக்கு அவளோடு பேச வழியே இல்லை. வீட்டில் போன் இருந்தது, அதை வைத்து என்ன செய்வது? அவள் அண்ணன் செல்போனுக்கு மெசேஜ் அனுப்புவாள். டவர் கிடைக்கும் மேட்டுக்குப் போய் அவர் அதைப் பார்த்துவிட்டு வந்து, "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்று அம்மாவிடம் சொல்வார். மாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, தன் மகள் இப்படியெல்லாம் பேசமாட்டாள் என்று சொல்லி எழுந்து போய்விடுவார். அவர் சொன்னது சரிதான். கையில் பேசும்போது அந்தப் பெண் அவ்வளவு குறும்பு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து மலைக்கு பிராட்பேண்ட் வந்தது. எங்கள் வீடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து எட்டுகிற தூரத்தில் இருந்ததால் கிடைத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கிடைத்திருக்காது. என் வீட்டுக்காரர் கீழே போய்ப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், தலையாட்டிப் பொம்மை மாதிரி ஒரு கேமராவும் வாங்கிவந்தார். பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். திருப்பூரில் அவள் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அங்கே வந்து உட்காருவது என்று மெசேஜில் பேசி முடிவானது.

முதல் ஞாயிறு என் மாமியார் தலைக்குக் குளித்து, சந்தைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மோடத்தில் முதல் விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. இரண்டாவது எரிந்தால் டெலிபோன் லைன் இருக்கிறது. மூன்றாவது எரிந்தால்தான் இணையம் வந்திருக்கிறது. மூன்றாவது எரிந்து, திரையில் மகள் முகம் தெரிந்ததும் மாமியார் கை பேச ஆரம்பித்துவிட்டது. பலா மரத்தில் இந்த வருஷம் எத்தனை பிஞ்சு, எந்த ஆடு சினை, பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள், எல்லாம் ஒரே மூச்சில். படம் விட்டுவிட்டு நகர்ந்தது. அதனால் நாற்று நடுகிற மாதிரி நிதானமாகக் கையை வைத்து வைத்து எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் மாமியார் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அந்தப் பெட்டிக்காக நான் முணுமுணுத்ததையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அடுத்து வந்த சித்திரை மழையில் அந்த மோடம் கருகிப் போயிற்று. எங்கள் மலையில் இடி, வானத்தில் இடித்துவிட்டுப் போகாது. டெலிபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். வேறு மோடம் வந்து சேர வெகு நாள் ஆயிற்று. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்.

புது மோடம் வந்ததும் நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் கற்றதை வைத்து மோடத்தின் உள்பக்கத்தைத் திரையில் திறந்தேன். இணைப்பு எப்படி வேண்டும் என்று அங்கே ஒரு கேள்வி இருந்தது. எப்போதும் இணைந்தே இருக்கட்டுமா, தேவைப்படும்போது தானாக இணையட்டுமா, அல்லது நான் சொன்னால் மட்டும் இணையட்டுமா. அந்த மூன்றாவதைப் படித்ததும், என்னைத் தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதியது போலிருந்தது. ஆனால் அவசரத்துக்கு என் வீட்டுக்காரர் போட வேண்டியிருக்கலாம், அவருக்கு இந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. அதனால் மனசில்லாமல் முதலாவதையே விட்டுவைத்தேன். பின்னாலிருக்கும் சுவிட்சைப் போட்டால் போதும், மூன்று விளக்கும் தானே எரியும். ஆனால் ஞாயிறு மத்தியானம் தவிர மற்ற நேரமெல்லாம் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், டெலிபோன் வயரும் கரண்ட் வயரும் பிடுங்கிக் கிடக்க வேண்டும் என்று வீட்டில் சட்டம் போட்டேன். மேகம் கறுத்தால் ஞாயிறும் கிடையாது. மாமியார் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு வருஷம் போல நன்றாகத்தான் ஓடிற்று.

பிறகு மாமியார் குறை சொல்ல ஆரம்பித்தார்.

முதலில் படம் கொஞ்சம் மங்கல் என்றார். அடுத்த வாரம், மகள் கை புகை மூட்டத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். எட்டிப் பார்த்தேன். எனக்கு எப்போதும்போலத்தான் தெரிந்தது. சரி, என்னைவிட அவருக்கு அந்தக் கையின் நுணுக்கம் தெரியும், ஏதோ விட்டுப்போகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். வயரை மாற்றினேன். போனுக்கும் மோடத்துக்கும் லைனைப் பிரித்துக் கொடுக்கிற சின்ன டப்பாவை மாற்றினேன். மத்தியானத்தில் ஊரெல்லாம் இணையத்தில் இருக்கும் என்று, நேரத்தை ஞாயிறு காலைக்கு மாற்றச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். டெலிபோன் ஆபீஸில் நான் போய் நின்றால் அங்கிருந்தவர் டீ குடிக்க எழுந்துபோகிற அளவுக்கு அவரைத் தொந்தரவு செய்தேன். லைன் சுத்தமாக இருக்கிறது என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் நம்பவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். திரையில் நாத்தனாரின் கை பெரிதாகிக்கொண்டே வந்தது. முன்பெல்லாம் நெஞ்சுக்கு முன்னால் விரல்களாலேயே சின்னதாகப் பேசுவாள். இப்போது நாற்காலியைப் பின்னால் தள்ளி, தோளிலிருந்து கையை வீசிப் பேசினாள். பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்காருவது தெரியும். மாமியார் அப்படியும் பாதிக்குப் பதில் சொல்லமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். போன நோம்பிக்கு மகள் வரவில்லை, அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை, அதனால் தாய் முறைக்கிறார், மகள் சண்டை போடுகிறாள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் அப்படித்தான் இருக்கும் என்றார். பொதுவாக அவர் நான் சொன்னதை மறுக்கிறவர் இல்லை. மிளகுக்கு விலை கேட்டால் மட்டும்தான் வாய் திறப்பார்.

இந்தச் சமயத்தில்தான் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மோடம் கதகதவென்று இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது, வயர் பிடுங்கிக் கிடந்தது, ஆனால் தொட்டால் சூடு. யாரோ நெடுநேரம் போட்டு வைத்து, நான் வருகிற நேரம் பார்த்து அணைத்திருக்கிறார்கள். அடுத்த நாளும் அப்படியே. கம்ப்யூட்டர் மேல் போர்த்திய துணி கலையவில்லை. மோடம் மட்டும் சூடு. வீட்டுக்காரர் காட்டில் இருந்தார். வீட்டில் இருந்தது மாமியார் மட்டும்தான். அது ஐப்பசி மாசம், தினமும் சாயங்காலம் இடி மின்னல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்து, சொன்னால் மட்டும் இணையட்டும் என்ற மூன்றாவதில் புள்ளியை வைத்தேன். இனி யார் சுவிட்சைப் போட்டாலும் இரண்டு விளக்குதான் எரியும். மூன்றாவது என் கையில் இருக்கிறது. நிம்மதியாக அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ராத்திரிச் சோறு போடும்போது மாமியார் மெதுவாக ஆரம்பித்தார்.

"சாமி, அந்த டப்பால மூணாவது வெளக்கு வரமாட்டேங்குது. கெட்டுப்போச்சாட்ட இருக்குது."

மூன்றாவது விளக்கு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரைப் போட்டு, மோடத்தை இணைத்து, கம்ப்யூட்டரை அணைத்துத் துணியைப் போர்த்தி, மோடத்தை மட்டும் எரியவிட்டுக் கிளம்பினேன். அது என் சுபாவத்துக்கு முற்றிலும் விரோதம். ஆனால் அதை வைத்து அவர் என்னதான் செய்கிறார் என்று தெரியாமல் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் பக்கம்தான்.

மாமியார் கம்ப்யூட்டர் முன்னால் இல்லை. அதன் மேல் துணி போர்த்தியபடியே இருந்தது. மோடம் சுவரில் அடித்த பலகையில் இருந்தது. நாற்காலியை அதன் எதிரில் போட்டு, முகத்தை அதற்கு வெகு கிட்டத்தில் வைத்துக்கொண்டு, மாமியார் கையால் பேசிக்கொண்டிருந்தார். மாடு கன்று போட்டதைச் சொன்னார். கன்றின் நெற்றியில் வெள்ளை என்று சொன்னார். குழாயைத் திருகி அடைத்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டார். அது என்னைப் பற்றி. அப்புறம் நெஞ்சில் கை வைத்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெளிச்சத்தில், அவருக்கு நேர் எதிராக நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, யாரது, ரேஷன் கடைக்காரரா என்று கேட்டார்.

 நின்ற இடத்திலிருந்தே கையால், கஞ்சி குடித்தீர்களா என்று கேட்டேன். என் தடுமாறுகிற கைதான், ஆனாலும் அது வீட்டில் குழந்தைக்கும் தெரிந்த கேள்வி. அவர் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கை அவருக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் நான் வயரை மாற்றினேன், டப்பாவை மாற்றினேன், ஆபீஸ்காரரை விரட்டினேன். லைன் சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது.  உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். போன மழைக்காலத்திலிருந்து என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் மகள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள், அங்கே அவள் மாதிரிப் பெண்கள் நாலு பேரோடு நிறைவாக இருக்கிறாள், இங்கே வந்தால் பேசுவதற்கு ஆடும் மாடும்தான் என்றார். அது சரி, இந்த டப்பாவிடம் ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணாடிப் பொட்டியில அவ எனக்குத் தெரியறதில்ல சாமி. இந்த வெளக்கு மட்டுந்தான் பளிச்சுனு தெரியுது. இது எரிஞ்சா அவளுக்கு இங்கத்தது தெரியுமில்ல. எனக்கு அவ தெரியாட்டிப் போனாப் போவுது. அவளுக்கு நாந் தெரிஞ்சாப் போதும்."

விளக்கு எரிந்தாலும், கம்ப்யூட்டரைப் போட்டு, அவளும் அங்கே வந்து உட்கார்ந்தால்தான் தெரியும் என்று நான் விளக்கினேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் இதை எதற்கு எரியவிட்டிருக்கிறார்கள் என்று கேட்டார்.  கதவு திறந்திருந்தால் ஆள் வரப்போகத்தான் என்பது அவர் கணக்கு. அன்று சாயங்காலம் நானே மோடத்தைப் பழையபடி முதலாவதுக்கு மாற்றினேன். என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வெகுநேரம் மிளகைப் புடைத்துக்கொண்டே இருந்தார். முறத்தில் புடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் புடைத்தார்.

கீழே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, முதலில் ஒன்றை எடுக்கலாம், பயமில்லை என்றார் டாக்டர்.  மலையேறி வீட்டுக்கு வந்ததும் மாமியார் முந்தானையை உதறிவிட்டு, தனக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று முடித்துவிட்டார். அவர் கூடப் பிறந்த அண்ணனுக்கு எந்தக் காலத்திலோ கண் ஆபரேஷன் செய்து பார்வை போயே போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு பேசினார். அந்தக் காலம் வேறு, இப்போது வேறு என்று நாங்கள் சொன்னது எதுவும் ஏறவில்லை.

"மத்தவங்களுக்குக் கண்ணு போனாக் காது இருக்குது. எனக்கும் அவளுக்கும் கண்ணு மட்டுந்தான். இந்த மங்கலாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்."

 அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த மங்கலும் இன்னும் சில மாதம்தான் இருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன்னால் மாமியாருக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன். மாமியார் என் பக்கத்தில், என் முகத்துக்கு முகம் வைத்து உட்கார்ந்தார். திரையில் நாத்தனார் வந்ததும், ஒளிக்காமல் சொன்னேன். கண், புகை, கத்தி, அம்மா மாட்டேன் என்கிறார். என் கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் சிரிக்கவில்லை. தனக்குத் தெரியும் என்றாள். பொங்கலுக்கு வந்தபோது வேலியோரம் நின்று கையாட்டினாளாம், அம்மா திரும்பிப் பார்த்தும் பதில் சொல்லவில்லையாம். அப்போதே தெரிந்துவிட்டது, அம்மாவாகச் சொல்லட்டும் என்று இருந்தாள். அதுவரைக்கும் கையைப் பெரிதாக்கிக்கொண்டாள்.

பிறகு அவள் தன் அம்மாவுக்குப் பேசினாள். தோளிலிருந்து வீசிப் பேசினாள். மாமியார் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் அவர் மூக்குக்கு நேராக என் கையை வைத்து, அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒரு விரல் தப்பாகப் போனால் மாமியார் என் விரலைப் பிடித்துத் திருத்தினார். அவள் சொன்னது இதுதான்: ஆபரேஷன் செய்துகொள். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவேன், திரும்பிப் போகவே மாட்டேன். கொஞ்சம் மெத்தென்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றிற்று. ஆனால் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறைத்துச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். அப்படியே சொன்னேன்.

மாமியார் என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் திரையைப் பார்த்து, நெற்றியில் தொட்டு, கீழே இறங்கிப் போகிற மாதிரி கையை வளைத்து வளைத்துக் காட்டினார். போகிறேன் என்று அர்த்தம். ஊசி வளைவுகள் எல்லாவற்றையும் காட்டினார். அவ்வளவு தூரமா என்று மகளுக்கே அலுத்திருக்கும்.

ஆபரேஷன் சமயத்தில் கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, நாத்தனாருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள்தான் கூட இருந்தோம். கட்டுப் பிரித்ததும் டாக்டர் கை விரலைக் காட்டிக் கேட்டபோது மாமியார் எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னார். ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. விரல் தெரிவது வேறு, மகள் கை தெரிவது வேறு என்று என் காதில் சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்து, மருந்து விடுகிற நாளெல்லாம் முடிந்து, கண்ணாடியைக் கழற்றியதும் முதல் வேலையாக வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பரண் மேல் ஒட்டடை என்றார். நான் இளைத்துப் போனேன் என்றார். மோடத்தைப் பார்த்து, இத்தனூண்டு டப்பாவா இது என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதற்கடுத்த ஞாயிறு. காலையிலிருந்தே புழுக்கம். மாமியார் அந்த முதல் ஞாயிறு மாதிரியே தலைக்குக் குளித்துச் சந்தைச் சேலை கட்டிக்கொண்டார். மோடத்தைப் போட்டேன். முதல் விளக்கு, இரண்டாவது விளக்கு. மூன்றாவது வருவதற்குள் பெரக்கரை நாட்டுப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. தூரத்தில் உருட்டுகிற சத்தம். நான் போட்ட சட்டப்படி அந்த நிமிஷமே வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், உள்ளே திரும்பி என்னைப் பார்த்தார். நான் போய்ச் சுவரோரம் பிளக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். மூன்றாவது விளக்கு எரிந்தது.

திரையில் நாத்தனார் வந்தாள். வழக்கம்போல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, எழுந்தே நின்று, இரண்டு கையையும் வீசி, அம்மா, தெரிகிறதா, நான்தான், தெரிகிறதா என்று கேட்டாள். மாமியார் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை. அவள் இன்னும் பெரிதாக வீசினாள். பயந்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.  ஆபரேஷன் பலிக்கவில்லையா, விரலை எண்ணியதெல்லாம் குருட்டாம்போக்கா என்று நினைத்தேன்.

மாமியார் கையைத் தூக்கினார். நெஞ்சுக்கு முன்னால், விரல் மட்டும் அசைய, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் பேசுகிற அளவுக்குச் சின்னதாகச் சொன்னார்.

ஏன் இப்படிக் கத்துகிறாய்? நான் இங்கேதானே இருக்கிறேன்.

அவள் கை அந்தரத்தில் நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அந்தக் கை மெள்ள மெள்ள இறங்கியது. தோளுக்கு, நெஞ்சுக்கு, மடிக்கு. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் பழையபடி விரல்களாலேயே பேச ஆரம்பித்தாள், அந்தக் கன்றின் நெற்றியில் வெள்ளை இருக்கிறதே, நிஜமாகவே நிலாப் பிறை மாதிரியா என்று கேட்டாள். கன்றைப் பற்றி அவளுக்கு மெசேஜ் அனுப்பியது அவள் அண்ணன். எனக்குத் தெரியாமல் டவர் மேட்டுக்குப் போய், தன் அம்மா மோடத்திடம் பேசியதாக நான் சொன்னதையெல்லாம் அனுப்பியிருக்கிறார்.

இடி எங்கள் நாட்டுக்குள் வந்துவிட்டது. ஜன்னல் அதிர்ந்தது. தாயும் மகளும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கின் மேல் கை வைத்தபடியே நான் நின்றேன், பிடுங்கவில்லை.